அஞ்சலாட்சிக்கு வயிற்று வலி கிடையாது

அஞ்சலாட்சி சாக முயன்றாள் என்று அரசாங்கத் தாளில் எழுதியிருந்தது. காரணமும் போட்டிருந்தார்கள்: தீராத வயிற்று வலி. உண்மையில் அவள் அன்றைக்குக் கத்திரிக்காய் பறிக்கப் போயிருந்தாள். சாகப் போகிறவள் தூக்குவாளியில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு, திரும்பும்போது தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்க ரசீதையும் முந்தானையில் முடிந்துகொண்டு போவாளா என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கும் வேலை அந்தத் தாளை எழுதியவருக்குக் கொடுக்கப்படவில்லை.

அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. பிறந்தது பாகூர் பக்கம், கூலிக்குக் கழனி வேலை செய்கிற வீட்டில். ஒன்பதாவது வரை படித்தாள். பத்தொன்பது வயதில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மில்லு வேலைக்காரன் ஆதிமூலத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் மில்லு மாப்பிள்ளை என்றால் பெரிய விஷயம். பெண் இனிமேல் சேற்றில் கால் வைக்க வேண்டாம் என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சில வருஷத்தில் மில்லை மூடினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் அதைத் திறப்பதாகச் சொன்னார்கள். ஆதிமூலம் மூன்று தேர்தல் வரை நம்பிவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் கார்கள் பின்னால் வரும்போது கை காட்டுகிற வேலைக்குப் போனான். அது போதவில்லை. கழனியிலிருந்து தப்பித்து டவுனுக்கு வந்த அஞ்சலாட்சி, டவுனிலிருந்து கழனிக்குப் போக தினமும் விடியற்காலையில் டெம்போ பிடித்தாள்.

வடக்கே பிள்ளைச்சாவடி தாண்டி, காலாப்பட்டு தாண்டி, கனகசெட்டிக்குளத்தில் இறங்கி மேற்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் பண்ணை. அதற்கு பிரெஞ்சில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வேலைக்கு வருகிற பத்துப் பெண்களுக்கும் அது வாயில் நுழையாததால் கத்திரிக்காப் பண்ணை என்று அழைத்தார்கள். முதலாளி கோபிநாத் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அது மனதுக்கு நிம்மதி தரவில்லை என்று மண்ணைத் தேடி வந்தவன். மண்ணை அஞ்சலாட்சி வகையறாவிடம் விட்டுவிட்டு, வெள்ளைக்காரத் தெருவில் மஞ்சள் சுவர் வைத்த கடையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கடையின் சுவரில் ஆள் உயரத்துக்கு அஞ்சலாட்சியின் படம் இருந்தது. இடுப்பில் கூடை, முகத்தில் சிரிப்பு, கீழே 'நஞ்சறியாக் கைகள்' என்று எழுத்து. வழக்கமாக அவள் புடவைக்கு மேலே ஆதிமூலத்தின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வாள். படம் எடுத்த அன்றைக்கு அந்தச் சட்டை வேண்டாம் என்று சொல்லி ஒரு கைத்தறிப் புடவை கொடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு வருஷம் அங்கே நிஜமாகவே இயற்கை விவசாயம்தான் நடந்தது. சாணம், கோமியம், வேப்பங்கொட்டைச் சாறு என்று எல்லாம் போட்டார்கள். காய்ப்புழுவுக்கு மட்டும் கோபிநாத்தின் கொள்கை புரியவில்லை. பாதிக் காயை அது தின்றது. ஓட்டல்காரர்கள் இயற்கைக் காய் கேட்டார்கள், ஆனால் இயற்கை வாய் வைக்காத காயாகக் கேட்டார்கள். மூன்றாவது வருஷம் லேபிள் கிழித்த பாட்டில்கள் வந்தன. அதற்குப் பெயர் டானிக். ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து விருந்தாளிகள் குழந்தைகளோடு பண்ணை பார்க்க வருவார்கள் என்பதால் டானிக்கை வியாழக்கிழமை அடித்தார்கள். விருந்தாளிகளுக்கு மூன்று நாள் இடைவெளி கிடைத்தது. பறிக்கிறவர்களுக்கு ஒரு நாள்.

அடிக்கிறவர் பக்கிரி. அறுபது வயதிருக்கும். முதுகில் டேங்க், இடுப்பில் லுங்கி, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, இவ்வளவுதான் அவருடைய கவசம். அவருக்கு இரண்டு கையும் நடுங்கும். குடிகாரன், அதான் நடுங்குது என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் மறுத்துப் பார்த்தார். தெருமுனைக்கு ஒரு சாராயக்கடை இருக்கிற ஊரில் ஒரு ஆண் குடிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்.

அது ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள் நெருக்கியடித்த சமயம். ஓட்டல் ஒன்றில் பெரிய கல்யாணம். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் இருநூறு கிலோ பிஞ்சுக் கத்திரிக்காய் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பக்கிரி காலை ஆறு மணிக்கு அடித்தார். எட்டு மணிக்கு சூப்பர்வைசர் வினோத்குமார் பெண்களை வயலுக்குள் இறங்கச் சொன்னான்.

"ஈரம்கூடக் காயலப்பா," என்றாள் ஆயம்மா. பறிக்கிறவர்களில் அவள்தான் மூத்தவள், கனகசெட்டிக்குளத்துக்காரி.

"பனித்தண்ணி ஆயம்மா அது. டானிக்லாம் அப்பவே பூமிக்குள்ள போயிருக்கும்."

"ஆவணியில இன்னாடா பனி?"

வினோத்குமார் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் அஞ்சலாட்சியின் சட்டைக் கை தோள் வரை நனைந்துவிட்டது. பதினொன்றுக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. துப்பத் துப்ப ஊறியது. உச்சி வெயிலில் கண் இருட்டியது. மேகம் வந்துவிட்டதோ என்று அண்ணாந்து பார்த்தாள். மேகம் இல்லை. முகம் கழுவலாம் என்று மோட்டார் கொட்டகைக்கு நடந்தாள். குழாயைத் திறந்தாள். அதற்குமேல் அவளுக்கு நினைவில்லை.

பக்கிரிதான் ஓடி வந்தார். ஆயம்மாவைக் கூப்பிட்டு, நனைந்த சட்டையைக் கழற்றச் சொல்லி, தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஊற்றச் சொன்னார். வினோத்குமார் எலுமிச்சம்பழம் பிழியலாமா என்று கேட்டான். பண்ணையில் இருந்த ஒரே வண்டியில் கல்யாணக் கத்திரிக்காய் ஏற்றியாகிவிட்டது. கூடைகளுக்கு நடுவில் அஞ்சலாட்சியைக் கிடத்தினார்கள். ஆயம்மாவும் ஏறிக்கொண்டாள், வினோத்குமார் வண்டியை ஓட்டினான். டவுனை நெருங்கும்போது, ஓட்டல் வழியில்தானே இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்றான் வினோத்குமார்.

"நிறுத்து, நானும் எறங்குறேன்," என்றாள் ஆயம்மா. "இவளையும் தூக்கினு போயி சாப்பிடுற டேபிள் மேல படுக்க வெக்கிறேன். வந்தவங்க பாத்துட்டு சாப்புடட்டும்."

வண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது.

பயிற்சி டாக்டர் சிவசங்கரிக்கு இருபத்துநான்கு வயது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. ஊசிகள் போட்டாள், மறுபடியும் கழுவச் சொன்னாள், பிறகு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்: "என்ன மருந்து குடிச்சாங்க?"

"குடிக்கல. காய் பறிச்சினு இருந்தா," என்றாள் ஆயம்மா.

பக்கத்தில் இருந்த நர்ஸ் இருபது வருஷ அனுபவசாலி. "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க மேடம்," என்றாள். மருந்து குடித்தாள் என்று தாளில் எழுதினார்கள். மருந்து என்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு நாள் அஞ்சலாட்சிக்கு நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. போட்ட ஊசியின் வேகத்தில் கூரையில் கத்திரிக்காய் காய்த்துத் தொங்குவது தெரிந்தது. கையைத் தூக்கித் தூக்கிப் பறித்தாள். நர்ஸ் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். மயக்கத்திலும் வேலையை விடாத ஒரு தொழிலாளியைக் கட்டிப்போடுகிறோம் என்று அந்த நர்ஸுக்குத் தோன்றியிருக்காது.

வெளியே வராந்தாவில் ஆதிமூலத்துக்கு விசாரணை நடந்தது. சிவப்புத் தொப்பி வைத்த ஏட்டு பலராமன் மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"அடிப்பியா?"

"இல்ல சார்."

"குடிப்பியா?"

"எப்பனா சார். பொங்கலுக்கு."

"வேற எடத்துல சகவாசம் எதுனா?"

பக்கத்துக் கட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. பாகூரிலிருந்து வந்த அஞ்சலாட்சியின் அக்கா வராந்தாவில் வைத்து அவனை ஒரு மணி நேரம் திட்டினாள். மூன்றாம் நாள் அஞ்சலாட்சி கண் திறந்தபோது அவன் குனிந்து மெதுவாகக் கேட்டது இதுதான்: "நான் ஒன்ன எதுனா சொல்லிட்டனா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிக்கப் பார்த்தாள். வாய் காய்ந்திருந்ததால் இருமல்தான் வந்தது.

அன்று மாலை பலராமன் வாக்குமூலத்தைக் கொண்டுவந்தான். ஏற்கெனவே எழுதியிருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அஞ்சலாட்சி தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். பலராமன் இதை எதிர்பார்க்கவில்லை. இதுவரை யாரும் படித்ததில்லை.

"எனக்கு வயித்து வலின்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"எனக்கு வயித்து வலி வந்ததே இல்ல சார். ரெண்டு புள்ள பெத்தப்ப வந்துது. அவ்ளோதான்."

"எல்லாருக்கும் அதான்மா போடறது."

"வாழ்க்கையில வெறுப்புற்றுன்னு வேற எழுதியிருக்கீங்க."

"அதுவும் கூடவே வரும்."

"வேலை செய்யறப்ப மருந்து ஒடம்புல பட்டு மயங்கி வுழுந்தேன்னு எழுதுங்க."

பலராமன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். பொறுமையாகவே விளக்கினான். அவன் கெட்டவன் இல்லை. "அப்பிடி எழுதுனா யார் மேலயாச்சும் கேஸ் போடணும்மா. வயித்து வலின்னா யார் மேலயும் போட வேணாம். ஒனக்கும் அலைச்சல் இல்ல, எனக்கும் இல்ல."

"எனக்கு அலையறதுக்குத் தெம்பு வரட்டும் சார். அதுவரைக்கும் கையெழுத்து வேணாம்."

மறுநாள் காலை கோபிநாத் வந்தான். கதர்ச் சட்டை, ஒரு கூடை நிறையக் காய்கறி. கூடையில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்க நம்ம குடும்பத்துல ஒருத்தர். கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. பழைய சாப்பாடு எதாவது ஒத்துக்காம போயிருக்கும். அத டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"காலையில பெசஞ்ச தயிர்சாதம் சார். அதயும் நான் சாப்புடல. வாளி அப்பிடியே கொட்டாயில கெடக்குது."

"நம்ம பண்ணையில விஷமே கிடையாதே அக்கா. ஒங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப விஷத்துக்கு மாத்து ஊசி எதுக்கு சார் எனக்கு நாப்பது போட்டாங்க?"

"டாக்டருங்களுக்கு இயற்கை விவசாயம் பத்தி அவ்வளவா தெரியாது."

டாக்டர் சிவசங்கரி அவன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். "ஆமா, தெரியாது," என்றாள். "அந்த டானிக் பாட்டில ஒண்ணு கொண்டாங்க. படிச்சுத் தெரிஞ்சிக்கறேன்." பாட்டில்கள் எல்லாம் மறுசுழற்சிக்குப் போய்விட்டன என்றான் கோபிநாத். சுற்றுச்சூழலில் அவனுக்கு அவ்வளவு அக்கறை. அவன் போனதும் ரிப்பன் கூடையை நர்ஸ் வீட்டுக்கு எடுத்துப்போக ஓரமாக வைத்தாள். அஞ்சலாட்சி அவளைக் கூப்பிட்டு, "கத்திரிக்காய மட்டும் எடுத்துடுங்க சிஸ்டர், வீட்ல கொழந்தைங்க இருக்கும்," என்றாள். அன்றிலிருந்து அந்த நர்ஸ் அவளை நம்ப ஆரம்பித்தாள்.

பாட்டிலை பக்கிரி கொண்டுவந்தார். பண்ணைக்குப் பின்னால் இருந்த குழியில் இறங்கித் தேடி, லேபிள் பாதி கிழிந்த ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டு, டெம்போவில் ஏறி வந்தார். மீதி லேபிளில் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் மருந்தின் பெயரும் தெளிவாக இருந்தன. டாக்டர் அதைப் படித்துவிட்டு, பாட்டிலை நீட்டிய கையைப் பார்த்தாள்.

"கை எவ்ளோ நாளா நடுங்குது?"

"பத்து வருஷம் இருக்கும் மேடம். குடிக்கிறதில்ல மேடம்," என்றார் பக்கிரி, கேட்பதற்கு முன்பே.

"தெரியுது. உக்காருங்க."

நம்பிய முதல் ஆள் அவள்தான். பக்கிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் சிவசங்கரி தாளில் இருந்ததை அடித்துவிட்டு, 'வேலையின்போது தோல் வழியாக நஞ்சு ஏறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பலராமன் அதைப் படித்துப் பெருமூச்சு விட்டான். இனி இது யார் தலையிலாவது விழ வேண்டும்.

யார் தலையிலும் விழவில்லை. விழாமல் பார்த்துக்கொள்ள இரண்டு அரசாங்கங்கள் இருந்தன. பண்ணை புதுச்சேரி எல்லையில் இருந்தது. வாசலும் மோட்டார் கொட்டகையும் புதுச்சேரி. கத்திரிக்காய் தமிழ்நாடு. புதுச்சேரி ஆபீசில், மருந்து அடித்த நிலம் தங்களுடையது இல்லை என்றார்கள். தமிழ்நாட்டு ஆபீசில் ஒரு அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "நீ மயங்கி விழுந்தது எந்தப் பக்கம்?"

"கொழாய் பக்கம் சார்."

"அது பாண்டிச்சேரி. அங்க போய்க் கேளு."

"மருந்து ஏறுனது ஒங்க பக்கம் சார்."

"ஏறுனதுக்கு என்ன அத்தாட்சி? விழுந்ததுக்குத்தானே அத்தாட்சி இருக்கு?"

தொழிலாளர் ஆபீசில் கோபிநாத் ஒரு கடிதம் கொடுத்திருந்தான். அஞ்சலாட்சி தன்னிடம் வேலை செய்யவில்லை, அவர் ஒரு இயற்கை ஆர்வலர், மண்ணின் மீதுள்ள பற்றினால் தினமும் பண்ணைக்கு வந்து செல்கிறார் என்று. அதை வாசித்துக் காட்டியபோது ஆதிமூலம், "இத்தினி வருஷம் ஒனக்கு இம்மாம் பற்று இருந்துதுன்னு எனக்குத் தெரியாம போச்சே," என்றான்.

கடைசியில் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே நாளில் இரண்டு ஜீப்பில் வந்தார்கள். மருந்தைத் தேடவில்லை, எல்லைக்கல்லைத் தேடினார்கள். அது கிடைக்கவில்லை. நில அளவைத் துறைக்கு எழுதுவது என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். திரும்பும்போது ஆளுக்கு ஒரு பை கத்திரிக்காய் ஜீப்பில் ஏறியது. இயற்கைக் காய் என்றால் வீட்டில் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

ஒரு மாதம் கழித்து அஞ்சலாட்சி மறுபடியும் டெம்போ பிடித்தாள். வேறு வேலை கிடைக்கவில்லை. ஆனால் கண் பழையபடி இல்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. தெரிந்தவர்கள் பெயர் திடீரென்று மறந்துபோகும். வண்டியிலும் வயலிலும் மற்ற ஒன்பது பேரிடமும் பேசினாள். பேச்சு பத்து நாள் நடந்தது. சிலர் பயந்தார்கள். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்றாள் ஒருத்தி. "ஒடம்பு போயிட்டா இன்னா செய்வ?" என்று ஆயம்மா கேட்டாள். ஐப்பசியில் மறுபடியும் முகூர்த்தம் வந்தது, மறுபடியும் ஓட்டல் ஆர்டர், மறுபடியும் காலையில் அடித்த மருந்து. பத்துப் பேரும் வயலுக்கு வந்து, வரப்போடு நின்றுகொண்டார்கள்.

பாட்டிலைக் காட்ட வேண்டும். அடித்து மூன்று நாளைக்கு யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. சோப்பு, கையுறை வேண்டும். கேட்டது இவ்வளவுதான். கோபிநாத் கடையிலிருந்து காரில் வந்து சேர்ந்தான். குடும்பம், நம்பிக்கை, இயற்கை என்று பத்து நிமிஷம் பேசினான். ஓட்டலிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"குடும்பம்னு சொல்றீங்களே சார், நீங்களும் வாங்க, சேந்து பறிக்கலாம்," என்றாள் அஞ்சலாட்சி. "நீங்க எறங்குனா நாங்களும் எறங்குறோம்."

கோபிநாத் வயலைப் பார்த்தான். இலைகள் ஈரத்தில் மினுமினுத்தன. வினோத்குமாரைப் பார்த்தான்.

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு சார்," என்றான் வினோத்குமார்.

கோபிநாத் ஒரு காலைச் செருப்போடு வரப்பிலிருந்து இறக்கினான். ஒரு இலை அவன் முழங்காலை நோக்கி ஆடியது. காலை எடுத்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெண்கள் சவுக்கு நிழலில் போய் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்கள். பதினொன்றரை மணிக்கு அவன் மூன்றுக்கும் ஒப்புக்கொண்டான். அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் கத்திரிக்காய் இல்லாமல் முருங்கைக்காய் போட்டார்களாம்.

இப்போது பண்ணை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மருந்து அடித்த தேதியும் உள்ளே போகக்கூடிய தேதியும் அதில் சாக்பீசால் எழுதப்படுகின்றன. கடைச் சுவரில் பழைய படத்தை எடுத்துவிட்டு, கையுறை போட்ட பெண்களின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். 'உழைப்பவர் நலம் காக்கும் காய்கறி' என்று எழுதி விலையையும் ஏற்றிவிட்டான் கோபிநாத். பக்கிரி மருந்து அடிப்பதை விட்டுவிட்டார். மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறார், நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது. எல்லைக்கல் கிடைக்கவில்லை. பாகூர் அக்கா மட்டும் ஆதிமூலத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

பக்கிரி இடத்துக்கு ஒடிசாவிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தார்கள். முப்பது வயது, பெண்டாட்டியும் கூட வந்திருந்தாள், அவளும் காய் பறித்தாள். இருவருக்கும் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. முதல் வியாழக்கிழமையே அவள் மருந்து அடித்த வயலுக்குள் இறங்கப் போனாள். அஞ்சலாட்சி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து, பலகையைக் காட்டினாள். அந்தப் பெண் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். அஞ்சலாட்சி சாக்பீசை எடுத்து தேதிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு மண்டையோடு வரைந்தாள். கண் சரியாகத் தெரியாததால் அது கொஞ்சம் கோணலாக, பூசணிக்காய் மாதிரி வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. வரப்பிலிருந்து இரண்டு அடி பின்னால் போனாள்.

சனிக்கிழமை கோபிநாத் அதைப் பார்த்துவிட்டான். "அக்கா, நாளைக்கு கெஸ்ட் வர்றாங்க. குழந்தைங்க பயந்துடும். இத அழிச்சிடலாமே," என்றான்.

"அழிச்சிக்கிங்க சார்," என்றாள் அஞ்சலாட்சி. "வியாழக்கெழம காலையில நான் போட்டுக்கறேன்."